அப்பாவின் நெகட்டிவ்களுக்கு ஒரு சர்வர்: திட்ட நாட்குறிப்பு

8 ஜூன் 2025

வீட்டுக்கென ஒரு சேமிப்பு சர்வரை நாமே கட்டுவது என்று முடிவான பிறகு, முதலில் செய்ய வேண்டியது கொள்ளளவுக் கணக்கு. பாளையங்கோட்டையில் அப்பா நடத்திவந்த ஸ்டூடியோவின் நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து வைப்பதற்காகவே இந்த சர்வர் வேண்டும். ஆகவே எந்தப் பாகத்தின் விலையையும் பார்ப்பதற்கு முன்பு, ஒரு சுருள் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று இன்று தாளில் எழுதிப் பார்த்தேன்.

பழைய 120 ஃபிலிமில் ஒரு சட்டம் 56 மி.மீ. சதுரம். அதை 3,200 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 3,200 புள்ளிகளாக, ஸ்கேன் செய்தால் ஒரு பக்கத்துக்கு 7,055 புள்ளிகள், மொத்தத்தில் ஏறக்குறைய 5 கோடிப் புள்ளிகள் கிடைக்கும். கறுப்பு வெள்ளையில் ஒரு புள்ளிக்கு 16 பிட், அதாவது 2 பைட், என்று வைத்தால் ஒரு படம் 100 மெகாபைட். 12 படங்கள் கொண்ட சுருள் 1.2 ஜிகாபைட். பின்னாளில் வந்த 35 மி.மீ. கலர் ஃபிலிமை 4,000 டிபிஐயில் எடுத்தால் ஒரு சட்டத்துக்கு 2.14 கோடிப் புள்ளிகள். மூன்று வண்ணங்களுக்கும் சேர்த்து 128 மெகாபைட் ஆகும். 36 படங்களுக்கு 4.6 ஜிகாபைட். பெட்டிகளில் இருப்பவை சுமார் 600 கறுப்பு வெள்ளைச் சுருள்களும் 700 கலர் சுருள்களும் என்பதால், நெகட்டிவ்களுக்கு மட்டும் 4 டெராபைட் வரும். குடும்பப் படங்கள், கைபேசி வீடியோக்கள் எல்லாம் சேர்த்து இன்னும் ஒரு டெராபைட்.

ஆக, தேவை 5 டெராபைட். சேமிப்பிடம் எண்பது சதவீதத்துக்கு மேல் நிரம்பாமல் பார்த்துக்கொள்வது நல்லது என்பதையும், கடையில் 12 டெராபைட் என்று விற்கும் டிஸ்க்கைச் சில இயங்குதளங்கள் 10.9 என்றே காட்டும் என்பதையும் மனத்தில் வைத்துத்தான் இனிமேல் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

11 ஜூன் 2025

சோதனைக்காக முன்பு ஸ்கேன் செய்து, ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் வைத்திருந்த கோப்புகளை இன்று திறந்து பார்த்தேன். ஒரு திருமணப் படத்தில் மேல் பாதி தெளிவாக இருக்கிறது. மணமகளின் நெற்றிச்சுட்டி வரைக்கும் அப்பா நெகட்டிவின் மேல் பென்சிலால் செய்த ரீடச்சிங் கோடுகள்கூடத் தெரிகின்றன. அதற்குக் கீழே படம் பக்கவாட்டில் நகர்ந்து, சாம்பல் பட்டைகளாகச் சிதைந்திருக்கிறது. அந்த டிஸ்க் ஒரு பிழையையும் அறிவிக்கவில்லை. கோப்பின் அளவும் தேதியும் மாறவில்லை. நெகட்டிவ் கையில் இருப்பதால் இதை மறுபடியும் ஸ்கேன் செய்துவிடலாம். ஆனால் திருநெல்வேலியின் புழுக்கத்தில் பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கும் ஃபிலிம்கள் இன்னும் எத்தனை ஆண்டுகள் தாங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஆகவே, எழுதியதையே திருப்பித் தருகிறோமா என்று தானே சரிபார்க்கும் கோப்பு முறைமைதான் (டிஸ்க்கில் கோப்புகளை எழுதிப் படிக்கும் மென்பொருள் அடுக்கு) இந்த வேலைக்குப் பொருந்தும். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜெஃப் பான்விக், மேத்யூ ஆரன்ஸ் முதலியோர் உருவாக்கி, 2005இல் சோலாரிஸில் சேர்க்கப்பட்ட இசட்எஃப்எஸ் அத்தகையது. அது தரவின் ஒவ்வொரு தொகுதிக்கும் செக்சம் என்ற சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு, அந்தத் தொகுதியோடு சேர்த்து வைக்காமல் அதைச் சுட்டும் மேல்தொகுதியில் எழுதி வைக்கிறது. படிக்கும்போது தரவும் செக்சம்மும் ஒத்துப்போகாவிட்டால், வேறொரு டிஸ்க்கில் இருக்கும் நல்ல பிரதியை எடுத்துக் கொடுத்து, கெட்டதையும் திருத்திவிடுகிறது. யாரும் திறக்காத கோப்புகளையும் ‘ஸ்க்ரப்’ என்ற முழுச் சோதனை படித்துச் சரிபார்க்கும். 5 டெராபைட்டை மாதம் ஒருமுறை படிப்பது ஓர் இரவில் முடிந்துவிடும் வேலை.

15 ஜூன் 2025

டிஸ்க்குகளை எப்படி அடுக்குவது என்பதைப் பற்றித்தான் இந்த வாரம் அதிகம் யோசித்திருக்கிறேன். பெரும்பாலானோர் பரிந்துரைப்பது, இசட்எஃப்எஸ்ஸின் அடுக்கு முறைகளில் ஒன்றான ரெய்டு-இசட்2, நான்கு டிஸ்க்குகளோடு. எந்த இரண்டு டிஸ்க்குகள் செத்தாலும் தரவு பிழைக்கும் என்பது பெரிய பலம்தான். ஆனால் அந்த நான்கும் ஒரே கேபினெட்டில், எஸ்எம்பிஎஸ் என்ற ஒரே மின்வழங்கியின் கீழ், ஒரே வீட்டில் இருக்கும். இடி இறங்கினாலோ, திருட்டு நடந்தாலோ, 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததுபோல் மறுபடி வந்தாலோ, நான்கும் ஒன்றாகவே போகும். தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் நான்கிலும் அதே கணத்தில் அழியும்.

1988இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் ரெய்டு பற்றிய கட்டுரையை வெளியிட்டபோது, விலை மலிந்த பல சிறு டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரு பெரிய டிஸ்க்கின் வேலையை வாங்க முடியுமா என்பதே அவர்களின் கேள்வி. ஒரு டிஸ்க் போனாலும் வேலை நிற்காமல் தொடர வேண்டும் என்பதற்குத்தான் அதில் விடை இருக்கிறது. பேக்கப்புக்கு வேறு ஏற்பாடுதான் வேண்டும். ஒரு வங்கிக்கு வேலை நிற்கக் கூடாது. எங்கள் வீட்டு சர்வர் இரண்டு நாள் நின்றால் யாருக்கும் நட்டமில்லை. எனக்கு வேண்டியது படங்கள் பிழைப்பது மட்டுமே.

ஆகவே அதே நான்கு டிஸ்க்குகளை வேறு விதமாகப் பிரிக்கிறேன். இரண்டு 12 டெராபைட் டிஸ்க்குகள் சர்வருக்குள் மிரராக, அதாவது ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே எழுதப்படும்படி, இருக்கும். இரண்டு 8 டெராபைட் டிஸ்க்குகள் சர்வருக்கு வெளியே, பேக்கப்புக்காக இருக்கும். மிரரில் ஒன்று செத்து, புதியது நிரம்பும் நேரத்தில், மிஞ்சிய டிஸ்க்கில் படிக்க முடியாத ஒரு பகுதி இருந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி நியாயமானது. எந்தக் கோப்பு கெட்டது என்று இசட்எஃப்எஸ் பெயரோடு சொல்லிவிடும். அந்த ஒரு கோப்பை பேக்கப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இந்த அடுக்கில் எனக்கு முழு மனநிறைவு உண்டு.

22 ஜூன் 2025

மதர்போர்டும் ராமும். இன்டெல் என்100 சிப் வைத்த சிறு போர்டுகள் மின்சாரத்தைக் குறைவாக எடுப்பதாலும் விலை குறைவாக இருப்பதாலும் பலருக்கும் முதல் தேர்வாகிவிட்டன. கோப்பு பகிர்வுக்கு அதன் வேகம் தாராளமாகப் போதும். ஆனால் தன்னில் நேரும் பிட் பிழையைத் தானே திருத்தும் முறையான இ.சி.சி. ராம் அதில் போட முடியாது.

இசட்எஃப்எஸ்ஸுக்கு இ.சி.சி. இல்லாவிட்டால் டிஸ்க்கில் இருப்பதெல்லாம் பாழாகும் என்று சிலர் பயமுறுத்துவது சரியன்று. மற்றக் கோப்பு முறைமைகளைவிட இதற்கு இ.சி.சி. கூடுதலாகத் தேவைப்படவில்லை என்று மேத்யூ ஆரன்ஸே விளக்கியிருக்கிறார். என் காரணம் வேறு. செக்சம் கணக்கிடப்படுவதற்கு முன்பே ராமில் ஒரு பிட் புரண்டுவிட்டால், கெட்ட தரவுக்குச் சரியான செக்சம் எழுதப்படும். அதற்குப் பிறகு எத்தனை ஸ்க்ரப் ஓடினாலும் அது நல்ல கோப்பாகவே தேறும். 64 பிட் தரவுக்கு 8 பிட் கூடுதலாக வைத்து ஒற்றைப் பிட் பிழையைத் திருத்திவிடும் இ.சி.சி. அந்த ஓட்டையை அடைக்கிறது. டிடிஆர்5 ராம்களின் விளம்பரங்களில் வரும் ‘ஆன்-டை இ.சி.சி.’ சிப்புக்குள் நடக்கும் திருத்தம் மட்டுமே. ராமிலிருந்து பிராசசர் வரையான பாதையை அது காக்காது.

ஏஎம்டி நிறுவனத்தின் பிராசசர்களுக்கான ஏஎம்4 போர்டுகளில் கிராஃபிக்ஸ் உள்ளடங்கிய ரைசன் பிராசசர்களைப் பொறுத்தவரை ‘புரோ’ வகைகளில்தான் இ.சி.சி. உண்டு. போர்டும் அதை ஆதரிக்க வேண்டும். சென்னையின் மின்னணுக் கடைத்தெருவான ரிச்சி தெருவுக்குத் தொலைபேசியில் கேட்டபோது இ.சி.சி. ராம் இருக்கிறது என்றார்கள். லேபிளைப் படமெடுத்து அனுப்பச் சொன்னதில் அது சர்வர்களுக்கான ரெஜிஸ்டர்டு வகை என்று தெரிந்தது. அது இந்தப் போர்டுகளில் ஓடாது. கேட்க வேண்டியது ‘அன்பஃபர்டு இ.சி.சி.’ என்பதை இதே வேலையில் இறங்குவோர் குறித்துக்கொள்வது நல்லது. 16 ஜிகாபைட் ஒன்றை முன்பணம் கொடுத்து வரவழைக்கிறேன்.

28 ஜூன் 2025

டிஸ்க் வாங்கும்போது பெட்டியில் பெரும்பாலும் அச்சிடப்படாத ஒன்றைப் பார்த்தாக வேண்டும்: அது சி.எம்.ஆர். வகையா, எஸ்.எம்.ஆர். வகையா என்பது. சி.எம்.ஆர். டிஸ்க்கில் தரவு எழுதப்படும் தடங்கள் தனித்தனியே இருக்கும். எஸ்.எம்.ஆர். டிஸ்க்கில் அவை ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. ஆகவே நடுவில் ஒன்றை மாற்ற வேண்டுமானால் அடுத்தடுத்த தடங்களையும் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. மிரரில் புதிய டிஸ்க்கை நிரப்புவது போன்ற நீண்ட எழுத்து வேலையில் அதன் வேகம் படுத்துவிடும். 2020 ஏப்ரலில், நாஸ் எனப்படும் நெட்வொர்க் சேமிப்புப் பெட்டிகளுக்கென்றே விற்ற ரெட் வரிசையின் 2 முதல் 6 டெராபைட் டிஸ்க்குகள் சிலவற்றில் எஸ்.எம்.ஆர். இருப்பதை வெஸ்டர்ன் டிஜிட்டல் ஒப்புக்கொண்டது, பிறகுதான் சி.எம்.ஆர். டிஸ்க்குகளுக்கு ரெட் பிளஸ் என்ற தனிப் பெயர் வந்தது. மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் பட்டியலில் ஒப்பிட்டுப் பார்க்காமல் பணம் கட்டுவதில்லை. மிரருக்கான இரண்டையும் வெவ்வேறு கடைகளில் வாங்கப்போகிறேன். ஒரே தயாரிப்புத் தொகுதியில் வந்தவை ஒரே காலத்தில் பழுதாகும் வாய்ப்பு அதனால் குறையும்.

1 ஜூலை 2025

நெட்வொர்க் பற்றி எழுத அதிகம் இல்லை. கிகாபிட் இணைப்பில் நடைமுறையில் வினாடிக்கு 110 மெகாபைட் போகும். 128 மெகாபைட் படம் போய்ச் சேர ஒரு வினாடிக்குச் சற்றே கூடுதல். ஸ்கேனர் அதே படத்தை எடுக்கச் சில நிமிடங்கள் ஆகிறது. 2.5 கிகாபிட் சுவிட்சுக்கான பணத்தை யுபிஎஸ்ஸுக்கு ஒதுக்கிவிட்டேன்.

6 ஜூலை 2025

மின்சாரம். பிராசசர், இரண்டு டிஸ்க், ஃபேன்கள் சேர்ந்து சும்மா இருக்கும்போது 35 வாட் எடுக்கும் என்று வைத்தால், இரண்டு மாதத்துக்கு 50 யூனிட் ஆகிறது. மின்வாரியம் இலவசமாகத் தரும் 100 யூனிட்டில் பாதி. பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் ஏறும் படிநிலை இருப்பதால், ஏசி ஓடும் கோடையில் இந்த 50 யூனிட் சில ரூபாய்களோடு நின்றுவிடாது. ஸ்கேன் நடக்காத நாட்களில் இரவு அணைத்துவைப்பது என்று தீர்மானித்தேன்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே, தனி யுபிஎஸ் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். கரண்ட் போன கணத்தில் எஸ்எம்பிஎஸ் தன் கெப்பாசிட்டர்களில் இருப்பதைக் கொண்டு சுமார் 16 மில்லி வினாடிதான் தாக்குப்பிடிக்கும். இன்வெர்ட்டர் மாறுவதற்கு அதைவிட நேரம் பிடித்தால் கணினி அணைந்து திரும்ப எழும். திடீரென அணைந்தாலும் இசட்எஃப்எஸ் குலைவதில்லை. பழைய தொகுதியின் மேல் எழுதாமல் புதிய இடத்தில் எழுதுவதால், கடைசிச் சில வினாடிகளில் எழுதியது மட்டுமே போகும். ஆயினும் சுழலும் டிஸ்க்குகளுக்கு அடிக்கடி அப்படி நேர்வது நல்லதன்று. எங்கள் இன்வெர்ட்டர் சைன்வேவ் வகை என்பதால் அதன் பின்னால் யுபிஎஸ்ஸை மாட்டலாம். யுஎஸ்பி கம்பி வழியாக யுபிஎஸ் சர்வரோடு பேசும். இன்வெர்ட்டரின் பேட்டரியும் தீர்ந்து, யுபிஎஸ் தன் பேட்டரிக்கு மாறி ஒரு நிமிடம் கடந்தால், சர்வர் முறையாகத் தானே மூடிக்கொள்ள வேண்டும்.

எலக்ட்ரீஷியன் அண்ணாச்சியை வரவழைத்து எர்த்தைச் சோதித்தேன். “எர்த் கம்பி துருப்பிடிச்சுப் போயிருக்கு, தம்பி. அதை மாத்திட்டு அப்புறமா மெஷின வைங்க” என்றார். ஐப்பசியில் இடி தொடங்குவதற்குள் மாற்றிவிட வேண்டும். சர்வர் இருக்கப்போவது மாடி அறையில் இல்லை. சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தளத்தின் சூடு முழுவதும் அங்கேதான் இறங்கும். கீழே நடு அறையின் அலமாரிக்கு மேல், பின்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, காற்று போக வழியோடு வைக்க இடம் அளந்திருக்கிறேன். முன்னால் இரண்டு 120 மி.மீ. ஃபேன்களும் கழற்றிக் கழுவக்கூடிய தூசி வலையும் உள்ள சாதாரண கேபினெட் போதும்.

13 ஜூலை 2025

சர்வரை இயக்கும் மென்பொருளுக்கு ட்ரூநாஸ். 2005இல் ஃப்ரீநாஸ் என்று தொடங்கிய அதன் இப்போதைய பதிப்பு டெபியன் லினக்ஸின் மேல் ஓடுகிறது. இசட்எஃப்எஸ் அதிலேயே அடக்கம். கோப்புகள் அந்தக் கணத்தில் இருந்த நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட்டை மணிக்கொரு முறையும் நாளுக்கொரு முறையும் எடுக்க வைத்தால், அழித்த ஃபோல்டரை உடனே மீட்கலாம். இணையத்திலிருந்து உள்ளே வர வழிவிடும் எந்தப் போர்ட்டையும் ரவுட்டரில் திறக்கப்போவதில்லை. 2021இல் க்யூலாக்கர், 2022இல் டெட்போல்ட் என்று இணையத்துக்கு நேராகத் திறந்திருந்த நாஸ் பெட்டிகளின் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட நிரல்கள் வந்ததை மறக்கக் கூடாது. வெளியூரிலிருந்து பார்க்க வேண்டியிருந்தால் வயர்கார்டு என்ற என்கிரிப்ட் செய்யப்பட்ட தனி இணைப்பு வழியாக மட்டுமே.

20 ஜூலை 2025

கோயம்புத்தூரிலிருக்கும் அக்காவோடு பேக்கப் பற்றிப் பேசி முடித்தேன். வெளியூரில் ஒரே ஒரு டிஸ்க் வைத்தால், அதைப் புதுப்பிக்க இங்கே கொண்டுவரும் நாட்களில் எல்லாப் பிரதிகளும் ஒரே கூரையின் கீழ் வந்துவிடுகின்றன. அதனால்தான் 8 டெராபைட்டில் இரண்டு: ஒன்று அக்கா வீட்டில், ஒன்று இங்கே. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போகவர இருப்பதால் அப்போது மாற்றிக்கொள்ளலாம். பேருந்திலோ ரயிலிலோ தொலைந்தாலும் பிறர் படிக்க முடியாதபடி இரண்டும் என்கிரிப்ட் செய்யப்பட்டிருக்கும். சாவியை ஒரு தாளில் எழுதி, அக்காவின் பீரோ லாக்கரில் ஒன்றும் என் வங்கி லாக்கரில் ஒன்றுமாக வைக்க வேண்டும். அக்கா கேட்டதெல்லாம் ஒன்றுதான்: “எனக்கு எந்தப் படம் வேணும்னாலும் உன்னைக் கேட்காம நானே தேடி எடுக்கணும்டா.”

அது நியாயமான கோரிக்கை. ஃபோல்டர் அமைப்பே அதைக் கொண்டுதான் இருக்கப்போகிறது. அப்பா ஒவ்வொரு சுருளையும் பழுப்புக் கவரில் போட்டு, மேலே பில் எண், தேதி, வீட்டாரின் பெயர் எழுதி வைத்திருக்கிறார். ஆண்டு, அதற்குள் பில் எண் என்பதே ஃபோல்டர் வரிசை. கவரின் முகப்பையும் ஸ்கேன் செய்து, அந்த ஃபோல்டரின் முதல் கோப்பாக வைக்கிறேன்.

27 ஜூலை 2025

பாகங்களின் பட்டியல் இறுதியாகி, டிஸ்க்குகளுக்குச் சொல்லியாயிற்று. வந்தவுடன் படம் எதையும் ஏற்றப்போவதில்லை. முதலில் ராமை ஓர் இரவு மெம்டெஸ்ட் என்ற சோதனை நிரலில் ஓடவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு டிஸ்க்கிலும் ‘பேட்பிளாக்ஸ்’ சோதனை: நான்கு விதமான பிட் அமைப்புகளை முழு டிஸ்க்கிலும் எழுதி, ஒவ்வொன்றையும் திரும்பப் படிக்கும். சராசரி வேகம் வினாடிக்கு 180 மெகாபைட் என்றால், 12 டெராபைட்டை ஒருமுறை கடக்க 18 மணி நேரத்துக்கு மேல். எட்டுக் கடப்புகளுக்கு ஆறு நாட்களுக்குச் சற்று கூடுதல். இவ்வளவு பெரிய டிஸ்க்குக்குத் தொகுதி அளவு 4096 என்று கட்டளையில் கொடுக்காவிட்டால் சோதனை தொடங்காது. சோதனைக்கு முன்னும் பின்னும் டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையை எடுத்து, பழுதானதால் இடம் மாற்றப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கையை ஒப்பிட வேண்டும். அந்த எண் பூஜ்யத்திலிருந்து நகர்ந்திருந்தால், மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் டிஸ்க் கடைக்குத் திரும்பிப் போகும்.