435 என்ற எண்

2021 இறுதியில் எங்கள் அலுவலகக் கணினிகளை ஃபெடோரா 35 என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாற்றியதும், தானியங்கிச் சோதனைகளுக்கென்று வைத்திருந்த குரோமியம் உலாவி படுத்துவிட்டது. சன்னல் திறக்கும், எந்தத் தளத்துக்குப் போனாலும் டேப் கிராஷ் ஆகும். சோதனை முடிவுகள் வாரத்துக்கு வாரம் மாறக் கூடாது என்பதற்காக அதைப் பழைய வெர்ஷனிலேயே நிறுத்தி வைத்திருந்தோம். குரோமியத்தை உள்ளே வைத்துச் செயலி கட்ட உதவும் எலக்ட்ரானில் கட்டப்பட்ட ஓர் அரட்டைச் செயலியும் அதே மாதிரி விழுந்தது. ஃபெடோராவின் களஞ்சியத்திலிருந்து புதிதாக நிறுவிய உலாவிக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

"அண்ணா, நோ-சாண்ட்பாக்ஸ் போட்டா ஓடுதுண்ணா" என்றார் குழுவில் இருந்த தம்பி. உலாவியின் சாண்ட்பாக்ஸ் என்ற பாதுகாப்புத் தடுப்பை அணைக்கும் விருப்பம் அது. ஓடத்தான் செய்தது. இணையத்தில் தேடினாலும் பெரும்பாலும் இந்தப் பதில்தான் கிடைக்கும். எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. முன்பின் தெரியாத தளங்களின் நிரலை ஓட்டுவதுதான் உலாவியின் வேலை. அந்த நிரல் ஏதாவது ஓட்டையைப் பிடித்து வெளியே வந்தாலும், இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் கண்டதைக் கேட்க முடியாமல் தடுத்து நிற்பது சாண்ட்பாக்ஸ். கிராஷை நிறுத்த அதைக் கழற்றுவது, அலாரம் அடிக்கிறது என்று அதன் வயரை அறுப்பதைப் போன்றது.

டெர்மினலிலிருந்து ஓட்டிப் பார்த்தபோது, சாண்ட்பாக்ஸ் பயன்படுத்தும் செக்காம்ப் தடுப்பில் (கெர்னலுக்குப் போகும் அழைப்புகளை வடிகட்டும் வசதி) 0435 என்ற அழைப்பு சிக்கியதாக ஒரு வரி கிடைத்தது. கெர்னலிடம் ஒரு நிரல் வைக்கும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் எண் உண்டு. 435 என்பது குளோன்3. புதிய பிராசஸையோ (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்), அதற்குள் இணையாக ஓடும் த்ரெட்டையோ தொடங்கும் அழைப்பு. 2019-இல் லினக்ஸ் 5.3-இல் சேர்க்கப்பட்டது. ஆனால் சாதாரண நிரல்களுக்கும் கெர்னலுக்கும் நடுவே இருக்கும் ஜிலிப்சி லைப்ரரி, 2021 ஆகஸ்டில் வெளிவந்த 2.34 வெர்ஷனிலிருந்துதான் த்ரெட் தொடங்க அதைப் பயன்படுத்தத் தொடங்கியது. ஃபெடோரா 35-இல் இருந்ததும் இந்த 2.34-தான்.

உலாவியின் நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை. அது வழக்கம்போல ஒரு த்ரெட் கேட்டது. லைப்ரரி அந்தக் கோரிக்கையைப் புது வழியாக அனுப்பியது. பழைய சாண்ட்பாக்ஸ், தன் பட்டியலில் இல்லாத எண்ணைக் கண்டதும் பிராசஸை அங்கேயே நிறுத்தியது. லைப்ரரி தன் வேலையைச் செய்தது, சாண்ட்பாக்ஸும் தன் வேலையைத்தான் செய்தது. இரண்டுக்கும் இடையே இரண்டு வெர்ஷன்களின் தூரம் விழுந்திருந்தது, அவ்வளவுதான்.

இதைச் சரிசெய்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. குளோன்3-ஐ அப்படியே அனுமதித்துவிட முடியாது. அதற்கு முன்பிருந்த பழைய குளோன் அழைப்பில் என்ன கேட்கப்படுகிறது என்பதைத் தடுப்பு நேரடியாகப் பார்க்கலாம்; குளோன்3-இல் அந்த விவரமெல்லாம் நினைவகத்தில் வேறோர் இடத்தில் இருக்கிறது, செக்காம்ப் வடிகட்டியால் அங்கே போய்ப் படிக்க முடியாது. ஆகவே "அப்படி ஓர் அழைப்பே இங்கு கிடையாது" என்று சாண்ட்பாக்ஸைப் பதில் சொல்ல வைத்தார்கள் குரோமியம் குழுவினர். அந்தப் பதில் வந்தால் ஜிலிப்சி பேசாமல் பழைய குளோனுக்குத் திரும்பிவிடும், அதை வழக்கம்போலச் சோதித்துக்கொள்ளலாம்.

சோதனைக்கான குரோமியத்தை இந்தத் திருத்தம் உள்ள வெர்ஷனுக்கு ஏற்றினோம். அரட்டைச் செயலிக்குத்தான் காத்திருக்க வேண்டியதாயிற்று. எலக்ட்ரான் செயலி ஒவ்வொன்றும் தனக்கென ஒரு குரோமியத்தைச் சுமந்து திரிவதால், உலாவிக்கு வந்த திருத்தம் தானாக அதைச் சென்றடையாது.

பிறகு இதே சிக்கல் கன்டெய்னரில், அதாவது சர்வருக்குள் தனியாகப் பிரித்து ஓட்டும் சூழலில், வந்தது. சர்வரில் கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் பழையது. அதற்குள் ஃபெடோரா 35. அங்கே நோ-சாண்ட்பாக்ஸ் கொடுத்தும் பயனில்லை, ஏனென்றால் தடுப்பு உலாவிக்கு வெளியே இருந்தது. பழைய டாக்கரின் தடுப்பு "அனுமதி இல்லை" என்று சொல்லும். அந்தப் பதிலுக்கு ஜிலிப்சி பழைய வழிக்குத் திரும்பாது, கேட்ட த்ரெட் கிடைக்காமலே போகும். இணையத்திலிருந்து தரவு எடுக்கும் கர்ல் கட்டளைகூட முகவரி தேட முடியாமல் நின்றது. டாக்கர் 20.10.10-இல் இதையும் சரிசெய்திருந்தார்கள். சர்வரில் அதை ஏற்றியதும் உலாவியும் கர்லும் ஓடின. அதோடு, அவசரத்துக்கு யாரோ சோதனை ஸ்கிரிப்ட்களில் சேர்த்திருந்த நோ-சாண்ட்பாக்ஸை நானும் அந்தத் தம்பியும் தேடித் தேடி நீக்கினோம்.