இன்டர்லூக்கின்-2 இல்லாத சுண்டெலியும் காமா சங்கிலி இல்லாத குழந்தையும்

1990-களின் தொடக்கத்தில், ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு செய்திகள் நோயெதிர்ப்பியலில் அருகருகே நின்றன. தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்களான டி உயிரணுக்களைப் பெருக வைப்பது என்று பெயர்பெற்ற இன்டர்லூக்கின்-2 எனும் சைட்டோகைனின் (உயிரணுக்களிடையே செய்தி சுமக்கும் புரதத்தின்) மரபணுவை நீக்கிய சுண்டெலிகளில், டி உயிரணுக்கள் வழக்கம்போலவே உருவாயின. பின்னர் அவற்றை வருத்தியது எதிர்ப்பாற்றல் குறைவு அன்று, கட்டுமீறிய எதிர்ப்பாற்றல் தம் குடலையே தாக்கிய அழற்சி. 1993-இலோ, அதே இன்டர்லூக்கின்-2-ஐ உயிரணுவின் மேற்பரப்பில் பற்றிக்கொள்ளும் ஏற்பியின் ஒரு பகுதியான காமா சங்கிலி பழுதான ஆண் குழந்தைகளுக்கு டி உயிரணுக்களே உருவாவதில்லை என்று தெரியவந்தது. இந்த முரணிலிருந்துதான் சைட்டோகைன் பாடத்தைத் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எந்தச் சைட்டோகைன் எதைச் செய்யும் என்ற அட்டவணையை மாணவர்கள் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அந்த விளைவை முடிவு செய்வதில் ஏற்பிக்கு உள்ள பங்கு அவர்கள் மனத்தில் பதிவதில்லை.

காமா சங்கிலி இன்டர்லூக்கின்-2-க்கு மட்டும் உரியதன்று. 4, 7, 9, 15, 21 ஆகிய இன்டர்லூக்கின்களின் ஏற்பிகளிலும் அது பங்கேற்கிறது. மார்பிலுள்ள தைமஸ் சுரப்பியில் வளரும் டி உயிரணு பிழைத்திருக்க 7 வேண்டும், வைரஸ் தொற்றிய உயிரணுக்களைக் கொல்லும் என்.கே. உயிரணு உருவாக 15 வேண்டும். எனவே காமா பழுதானால் இரண்டுமே இல்லாமற்போகின்றன. பி உயிரணுக்கள் இருந்தும் பயன்தரும் எதிர்ப்பொருளை அவற்றால் உண்டாக்க இயலுவதில்லை. இன்டர்லூக்கின்-7 ஏற்பியின் ஆல்ஃபா சங்கிலி மட்டும் பழுதான குழந்தைகளிடம் டி இல்லை, ஆனால் என்.கே. இருக்கிறது.

உயிரணுவின் உட்புறத்தில் காமா சங்கிலியோடு ஜாக்3 நொதியும், இன்டர்லூக்கின்-2 ஏற்பியின் பீட்டா சங்கிலியோடு ஜாக்1 நொதியும் ஒட்டியிருக்கின்றன. வெளியே சைட்டோகைன் இரு சங்கிலிகளையும் இணைத்ததும், உள்ளே இந்த நொதிகள் நெருங்கி, ஒன்றன்மீது ஒன்று பாஸ்பேட்டை ஏற்றி முடுக்கிக்கொள்கின்றன. அடுத்து ஏற்பியின் வாலிலுள்ள டைரோசின் எனும் அமினோ அமிலங்களில் பாஸ்பேட் ஏற, அங்கே ஸ்டாட்5 புரதம் வந்தமர்ந்து, தானும் பாஸ்பேட் பெற்று, இரண்டிரண்டாகச் சேர்ந்து உட்கருவுக்குள் நுழைந்து, உயிரணு சாகாமல் காக்கும் மரபணுக்களையும் அதைப் பிரிந்து பெருகச் செய்யும் மரபணுக்களையும் இயக்குகிறது. ஜாக்3 பழுதானாலும் ஏறத்தாழ அதே நோய்தான் வருகிறது என்று 1995-இல் உறுதியானது. காமாவின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் அதன் பழுது பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே தாக்குகிறது. ஜாக்3 பழுது இரு பாலரையும் தாக்குகிறது.

சுண்டெலியின் குடல் அழற்சிக்கான விடை ஆல்ஃபா சங்கிலியில் இருக்கிறது. இன்டர்லூக்கின்-2 ஏற்பியின் ஆல்ஃபாவுக்குச் சமிக்ஞை அனுப்பும் திறன் இல்லை, பிடித்துக்கொடுப்பது மட்டுமே அதன் வேலை. ஆயினும் பீட்டா-காமா இணையோடு அது சேர்ந்துவிட்டால் பிடிமானம் ஏறத்தாழ 100 மடங்கு கூடுகிறது. ஒழுங்குபடுத்தும் டி உயிரணுக்கள் ஆல்ஃபாவை எந்நேரமும் மிகுதியாகத் தாங்கியிருப்பதால், சிறிதளவு இன்டர்லூக்கின்-2 இருந்தாலும் அவையே முதலில் கவர்ந்துகொள்கின்றன. அது அறவே இல்லாதபோது நலிவதும் அவைதாம்; தடுக்க ஆளில்லாத மற்ற டி உயிரணுக்கள் குடலைத் தாக்குகின்றன. சிறுநீரகப் புற்றுக்கு மிகுந்த அளவில் மருந்தாகத் தரப்படும் இதே இன்டர்லூக்கின்-2, குறைந்த அளவில் தன்னெதிர்ப்பு நோய்களுக்காக ஆராயப்படுவதற்கும் இதுவே காரணம். ஒரே மூலக்கூறு எதிரெதிர் வேலைகளைச் செய்வது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

இந்தியாவில் பிறந்தவுடன் காசநோய்க்கு எதிராகப் போடப்படும் பி.சி.ஜி. உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசி. டி உயிரணு இல்லாத சிசுவின் உடலெங்கும் அது பரவிவிடும். ஆகவே தாய்மாமன்மாரோ முந்தைய ஆண் குழந்தையோ தொற்றுநோயால் சிசுவிலேயே இறந்த குடும்பத்தில், பிறக்கும் குழந்தையின் நிணநீர் அணுக்களை எண்ணிப் பார்ப்பது அவசியம். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் அவை 3000-க்கும் குறைவாக இருந்தால் சந்தேகிக்க வேண்டும். தாயின் டி உயிரணுக்கள் குழந்தையின் ரத்தத்தில் கலந்திருக்கக்கூடும் என்பதால், எண்ணிக்கை சரியாகத் தெரிந்தாலும் டி உயிரணு வகைகளைத் தனியே பரிசோதித்து முடிவு வரும்வரை பி.சி.ஜி.யைத் தள்ளிவைக்குமாறு பெற்றோர் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.