212 தோல்கள், 9 ஓட்டைகள்

மே 5
கத்திரி வெயில். வேலூர் சத்துவாச்சாரி வீட்டில் மின்விசிறி அனலைத்தான் கீழே தள்ளுகிறது. அப்பாவின் திசுப் பரிசோதனை முடிவுக்கு ஐந்து நாள் ஆகுமாம்.

மே 6
தோல்களில் பூச்சி ஓட்டை இருக்குமா என்று கணிக்க நான் செய்யும் கணினி மாடல், ஒரு தோலுக்கு ஓட்டை இருப்பதற்கான நிகழ்தகவு 0 என்று சொல்லிவிட்டது. 0.001 கூட அல்ல, சுத்தமாக 0. அந்தத் தோலில் ஓட்டை இருந்தது. லாக் லாஸ், அதாவது தவறான நிகழ்தகவுக்கு மாடல் வாங்கும் தண்டனை, முடிவிலி. தப்பு என்னுடையது. அளவுத்திருத்தத்துக்கு, அதாவது மாடல் தரும் மதிப்பெண்ணை நம்பத்தக்க நிகழ்தகவாக மாற்றுவதற்கு, ஒதுக்கியவை 212 தோல்கள், ஓட்டையுள்ளவை 9. அதற்கு நான் எடுத்த ஐசோடோனிக் முறை மதிப்பெண்களை வரிசையாக அடுக்கிப் படிக்கட்டு கட்டும். கீழ்ப்படியில் விழுந்த எதிலும் ஓட்டை இல்லையென்றால் கூசாமல் 0 போடும். இவ்வளவு சிறிய தரவுக்கு அது ஆகாது என்பது தெரிந்தும் செய்தேன். பாலாறு வறண்ட ஆண்டுகளை மட்டும் கொடுத்தால் வெள்ளத்துக்கும் 0 போட்டிருக்கும். 2021 நவம்பரில் அது கரைபுரண்டதை ஊரே பார்த்தது.

மே 7
அழைப்பு இல்லை.

மே 8
0 வரும் இடத்தில் 10-இன் மைனஸ் 15 அடுக்கை வைத்தேன். முடிவிலி போயிற்று, அந்த ஒரு தோலுக்கு மட்டும் தண்டனை 34.5. ஓட்டையில் மெழுகு பூசி விற்கிற வேலை. அப்பா ஆம்பூரில் தோல் தரம் பிரித்தவர். அவரிடம் சொன்னேன். "ஓட்டை இல்லை என்று நான் எழுதியதே இல்லையப்பா. தென்படவில்லை என்றுதான் எழுதுவேன்." பழக்கதோஷம், பேசிக்கொண்டே என் முழங்கைத் தோலை இழுத்துப் பார்த்தார்.

மே 9
ஆய்வாளர் ஜான் பிளாட் 1999-லேயே வழி சொல்லியிருக்கிறார். மதிப்பெண்ணை நிகழ்தகவாக்கும் S வடிவ சிக்மாய்டு வளைவைப் பொருத்தும்போது இலக்கை 1, 0 என்று வைக்கக்கூடாது. ஓட்டையுள்ள 9-க்கு 10/11. இல்லாத 203-க்கு 1/205. பார்க்காத ஒன்றுக்குக் கொஞ்சம் இடம் விடுகிற கணக்கு. மாற்றினேன், 0 ஒழிந்தது. உடனே அடுத்த வம்பு: தோல்களை ஐந்து பங்காகப் பிரித்ததில் மூன்றாம் பங்கில் ஓட்டையுள்ள தோலே விழவில்லை. அதை வைத்து எதைத் திருத்துவது? ஓட்டைகளைப் பங்குக்கு ஒன்றாவது விழும்படி பிரிக்க வேண்டும். இதுகூடவா தோன்றாமல் போகும்?
மாலையில் டாக்டர், "கவலைப்பட ஒன்றுமில்லை" என்றார். ஒன்றுமில்லை என்றால் 0-வா, 1/205-ஆ? அம்மா பக்கத்தில் நின்றார். நான் கேட்கவில்லை.

மே 10
அம்மா கோட்டைக்குள் போய் ஜலகண்டேசுவரரைப் பார்த்துவிட்டு வந்தார். அப்பா நெற்றியில் திருநீறு. ஐந்து நாள் முடிந்தது.

மே 11
பதினொரு மணிக்கு வரச் சொல்கிறார்கள். வீட்டிலிருந்து இரண்டு பேர் வர வேண்டுமாம். எதற்கு இரண்டு பேர்?