14ஆம் பெட்டியும் கறுத்த கொலுசும்

மாங்குளம் சந்தியில் நின்று முல்லைத்தீவு பஸ் போய்விட்டதா என்று ஒருவரிடம் கேட்டால் நான்கு பேர் பதில் சொல்வார்கள். ஐந்தாமவர் நீங்கள் யாருடைய மகள், ஏன் தனியே போகிறீர்கள் என்று விசாரித்து முடிப்பதற்குள் பஸ்ஸே வந்துவிடும். விவசாயப் போதனாசிரியராக வன்னியின் வயல்களுக்கெல்லாம் மோட்டார் சைக்கிளில் தனியே போய்வருகின்ற எனக்கு, இந்த விசாரணை நாற்பது வயதுக்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆகவே, நெற்செய்கைப் பயிற்சியொன்றுக்காக ஒரு பெப்ரவரி மாதத்தில் ஜப்பானின் ட்சுகுபா நகரில் தங்கியிருந்து, முடிவில் கிடைத்த இரண்டு நாள் விடுமுறையில் வடக்கே அகிதா மாநிலத்து மலையிலுள்ள வெந்நீரூற்று விடுதியொன்றுக்குத் தனியே போவதென்று தீர்மானித்தபோது, வழியில் ஒருவரிடமும் ஒன்றும் கேட்பதில்லை என்றொரு வீம்பையும் கூடவே எடுத்துக்கொண்டேன்.

அகிதாவைத் தெரிவுசெய்ததற்கு நெல்லே காரணம். 1984இல் வெளியிடப்பட்ட ‘அகிதாகோமாச்சி’ என்ற நெல்லினத்தைப் பற்றிப் பயிற்சியில் கேட்டிருந்தேன்; அந்த மண்ணைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. வயல்கள் முழுவதும் பனியின் கீழ் கிடக்கும் காலத்தில் எந்த மண்ணைப் பார்ப்பது என்ற கேள்வி அப்போது எனக்குத் தோன்றவில்லை. விடுதி பதிவுசெய்வதே முதற் தொல்லையாக இருந்தது. ரியோகான் எனப்படும் மரபுவழி விடுதிகள் பல, ஓர் அறையில் இருவர் தங்குவார்கள், இருவரும் இரவுணவும் காலையுணவும் அங்கேயே உண்பார்கள் என்ற கணக்கில் நடப்பவை. இணையத்தில் ‘ஒருவர்’ என்று இட்டால் அறையில்லை என்று வரும். ‘இருவர்’ என்று இட்டால் அதே நாளில் அறை இருக்கும். மூன்று விடுதிகள் இவ்வாறு கைவிட்ட பிறகு, நான்காவது விடுதி சற்றுக் கூடிய விலைக்கு ஒற்றைப் பெண்ணையும் ஏற்றுக்கொண்டது. தனியே வருவதை அங்கேயும் ஒரு குறையாகத்தான் பார்க்கிறார்கள் போலும். வாயால் கேட்பதில்லை, அவ்வளவே.

அகிதாவுக்குப் போகும் அதிவேக ரயிலுக்கும் கோமாச்சி என்றே பெயர். உவெனோ நிலையத்தில் அதன் மேடை நிலத்துக்குக் கீழே நான்காம் தளத்தில் இருக்கிறது. படிகளும் நகரும் படிகளுமாக இறங்கி நான் மேடையை அடைந்தபோது ரயில் வந்து நின்றுகொண்டிருந்தது. என் இருக்கை 14ஆம் பெட்டியில். எதிரே நின்றதோ 7ஆம் பெட்டி. யாழ்தேவியில் கடைசிப் பெட்டியில் ஏறி, வடை விற்பவருக்குப் பின்னால் நடந்தே முன்பெட்டிக்குப் போய்ச் சேர்ந்து பழகியவள் நான். இதிலும் உள்ளே நடந்து போய்விடலாம் என்று எண்ணி ஏறிவிட்டேன். கதவு மூடிக்கொண்டது.

நடந்து பார்த்தபோது 10ஆம் பெட்டிக்கு அப்பால் வழி இல்லை. உண்மையில் அது ஒரு ரயிலே அல்ல, இரண்டு ரயில்கள். பத்துப் பெட்டிகள் கொண்ட ஹயபுசா என்ற ரயிலும் ஏழு பெட்டிகள் கொண்ட கோமாச்சியும் மூக்கோடு மூக்குச் சேர்த்துக் கொளுவப்பட்டு, மணிக்கு 320 கிலோமீற்றர் வரையான வேகத்தில் மொரியோக்கா நகரம் மட்டும் ஒன்றாக ஓடுகின்றன. அங்கே பிரிந்து, கோமாச்சி மேற்கே மலைக்குள் திரும்ப, ஹயபுசா நேர் வடக்கே அவோமோரிக்குப் போகிறது. இது எனக்குத் தெரியாது. முன்னாலுள்ள பெட்டிகள் எங்கே போகின்றனவோ அங்கேதானே பின்னாலுள்ளவையும் போகும் என்று மிகவும் தர்க்கபூர்வமாக யோசித்து, செண்டாய் நிலையத்தில் பலர் இறங்கியதும் வெறுமையான இருக்கையொன்றில் அமர்ந்து உறங்கிப் போனேன். பக்கத்து இருக்கையில் இருந்த பெண்ணிடம் பயணச்சீட்டைக் காட்டி ஒரு சொல் கேட்டிருந்தால் போதும்; செண்டாயிலேயே இறங்கி முன்பெட்டிக்கு ஓடியிருக்கலாம்.

நடத்துநர் என்னை எழுப்பியபோது மொரியோக்கா கடந்திருந்தது. என் சீட்டை அவர் பார்த்த பார்வையிலேயே வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. குறிப்பேட்டில் ஒரு கோடு வரைந்து, அதை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கக் கோட்டின் முனையில் என் சீட்டையும் வலப்பக்கக் கோட்டின் முனையில் என்னையும் சுட்டிக் காட்டினார். ஹச்சினோஹே நிலையத்தில் இறங்கினேன். அங்கிருந்த அலுவலர் நடத்துநர் எழுதித் தந்த துண்டைப் படித்துவிட்டு, மேலதிகமாக ஒரு யென் கூடக் கேட்காமல் எதிர்த்திசை ரயிலுக்கு அனுப்பிவைத்தார். மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நானாக இருக்க, அவரே இரண்டு முறை குனிந்ததுதான் தாங்க முடியாமல் இருந்தது.

மொரியோக்காவில் காத்திருந்து அடுத்த கோமாச்சியைப் பிடித்தேன். அவ்வளவு நேரமும் பறந்து வந்த ரயில் அங்கிருந்து சாதாரண ஒற்றைப் பாதையில், கடவைகளைத் தாண்டி, நம்முடைய ரயிலைப் போலத் தணிந்து போகிறது. சன்னலுக்கு வெளியே பனியைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. வரம்புகள் கூடத் தெரியாத வயலை என் தொழில் வாழ்க்கையில் முதன்முறையாகப் பார்த்தேன்.

தசாவா ஏரி நிலையத்தில் இறங்கியபோது இருட்டிவிட்டது. மலைக்குப் போகும் கடைசி பஸ்ஸும் போய்விட்டது. அந்த ஏரி 423 மீற்றர் ஆழம், ஜப்பானிலேயே மிக ஆழமானது. 1940இல் மின்சாரத்துக்காகவும் பாசனத்துக்காகவும் எரிமலைப் பகுதியின் அமில ஆற்றை அதற்குள் திருப்பிவிட்டார்கள், மீன்கள் அழிந்தன. அங்கு மட்டுமே வாழ்ந்த குனிமாசு என்ற மீன் அடியோடு அழிந்துபோயிற்று என்று நம்பியிருக்க, முன்னர் முட்டை கொண்டுசென்று விடப்பட்ட வேறோர் ஏரியில் அது 2010இல் உயிருடன் கண்டுபிடிக்கப்பட்டது. குளத்தை நம்பி வாழும் ஊரிலிருந்து போன எனக்கு அந்த ஏரியைக் கரையில் நின்று பார்க்க வேண்டுமென்ற ஆசை பெரிதாக இருந்தது. பார்த்தது வாடகைக் காரின் மீற்றரைத்தான். பஸ் கட்டணத்தின் பல மடங்கை அது ஏறித் தாண்டியபோது நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

சாலை முடிந்த இடத்திலிருந்து விடுதி வாசல் வரை பனிக்குள் வெட்டிய ஒடுங்கிய பாதை. பயணப்பெட்டியின் சில்லுகள் அதில் உருளவில்லை. இழுத்தால் கலப்பையைப் போல உழுதது. சிறிது நேரம் போராடிவிட்டு, வீட்டில் விறகுக்கட்டைத் தூக்குவது போல் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். வாசலில் குடையோடு காத்துநின்ற விடுதிப் பெண் என்னைக் கண்டதும் திகைத்ததையும், பிறகு வாயைப் பொத்திக்கொண்டதையும் பார்த்தேன். ஆறு மணிக்குரிய இரவுணவை எனக்காக எடுத்து வைத்திருந்தார்கள். சோற்றை மசித்துத் தடியில் பிடித்துச் சுட்ட கிரிதான்போ, உப்பிட்டுத் தணலில் வாட்டிய ஆற்றுமீன், கிழங்குக் குழம்பு. அன்று வெள்ளிக்கிழமை என்பது மீனின் முள்ளை ஒதுக்கிய பிறகே நினைவுக்கு வந்தது.

அறையில் தந்த யுகாத்தா என்ற பருத்தி அங்கியை உடுத்துக்கொண்டு குளியலறைக்குப் புறப்பட்டேன். நடைபாதையில் அதே பெண் என்னை மறித்து, தலைகுனிந்து அனுமதி பெற்று, அங்கியின் மடிப்பைப் பிரித்து இடப்புறம் மேலே வரும்படி மாற்றிக் கட்டிவிட்டார். வலப்புறம் மேலே வருவது பிணத்துக்கு மட்டும் கட்டும் முறையாம். எனக்கு உடனே கன்னியா ஞாபகம் வந்தது. திருகோணமலைக்கு அருகிலுள்ள அந்த ஏழு வெந்நீர்க் கிணறுகளையும் இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டாக்கினான் என்பது ஐதீகம். அப்பப்பாவின் அந்தியேட்டிக்குத்தான் நான் சிறுவயதில் அங்கே போயிருந்தேன். வெந்நீரூற்று என்றால் செத்தவருக்காகக் குளிக்கும் இடம் என்று மனத்தில் ஊன்றியிருந்தபடியால், அந்த மடிப்புத் தவறு எனக்கு அவ்வளவு பெரிய தவறாகத் தோன்றவில்லை.

குளிக்கும் இடத்தில்தான் பெரிய சிக்கல். கிணற்றடியில் குறுக்குக்கட்டு இல்லாமல் குளித்தறியாதவள் நான். அதற்கென ஒரு பாவாடையும் கொண்டுபோயிருந்தேன். அங்கே துணியோடு இறங்கக் கூடாது. முதலில் சிறு முக்காலியில் அமர்ந்து உடம்பைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்பே தொட்டிக்குள் இறங்கலாம். சிறு துவாய் கூட நீரில் படக் கூடாது, அதை மடித்துத் தலையில் வைத்துக்கொள்கிறார்கள். மற்றவர்கள் போகட்டும் என்று பத்து மணி வரை அறையில் காத்திருந்து போனேன். ஒரேயொரு கிழவி மட்டும் எழுந்து போவதாக இல்லை. பாவாடையைக் கண்டு தலையை ஆட்டினார். பிறகு முகத்தைத் திருப்பிப் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இறங்கி முடியும் வரை திரும்பவில்லை. அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன்.

நீர் பால் போல வெள்ளையாக இருந்தது. நிலத்துக்குள் தெளிவாக இருக்கும் நீர், மேலே வந்து காற்றுப் பட்டதும் அதிலுள்ள ஐதரசன் சல்பைட்டிலிருந்து நுண்ணிய கந்தகம் பிரிந்து இப்படி வெளுக்கிறது. கூழ்முட்டை மணம். ஆனால் கழுத்துவரை இறங்கிவிட்டால் உடம்பு கண்ணுக்குத் தெரியாது. இதை முன்னரே அறிந்திருந்தால் பத்து மணி வரை காத்திருக்கத் தேவையில்லை. தலையில் பனி விழ, உடம்பு சூட்டில் கரைய, ஹச்சினோஹே வரை போய் வந்த அலுப்பு முழுவதும் இறங்கியது. நான் இறங்குவதற்கு முன்பே கிழவி என் கால்களைக் காட்டி ஏதோ சொல்லியிருந்தார். வெள்ளிக் கொலுசின் அழகைப் புகழ்கிறார் என்று எண்ணி, எனக்குத் தெரிந்த ஒரேயொரு ஜப்பானியச் சொல்லால் நன்றி கூறியிருந்தேன். அவர் மறுபடியும் காட்டினார். நான் மறுபடியும் நன்றி கூறினேன்.

காலையில் கொலுசு இரண்டும் அடுப்புக் கரியாகக் கறுத்திருந்தன. கந்தகம் வெள்ளியை என்ன செய்யும் என்பது உயர்தர வகுப்பில் நான் படித்த பாடம்.

மாங்குளம் வந்து சேர்ந்த மறுநாள் அம்மா திண்ணையில் இருந்து அவற்றைத் திருநீற்றால் தேய்த்துக்கொண்டிருந்தார். “கன்னியாவிலை இல்லாத சுடுதண்ணியே பிள்ளை அங்கை? ஒரு இரவுக்கு எவ்வளவு எடுத்தவங்கள்?” என்று கேட்டார். நம் காசுக்கு நாற்பதாயிரம் ரூபாய் அளவில் வந்திருந்தது. இருபதாயிரம் என்றேன். அம்மாவின் கை நின்றுவிட்டது. வாடகைக் காரைப் பற்றியும் வெள்ளிக்கிழமை மீனைப் பற்றியும் நான் இன்னும் சொல்லவில்லை.