வாயைத் திற, பிள்ளை

வானிலிருந்து குண்டு விழுந்தால் என்ன செய்வது என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்த ஒத்திகையை மகள் இன்று வீட்டில் செய்து காட்டினாள். மேசைக்கு அடியில் குப்புறப் படுத்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

பூ கொடுக்க வந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். 1990-இல் வந்து, இங்கே சேலத்தில் முகாமில் இருக்கிறார்.

"வாயைக் கொஞ்சம் திறந்து வை, பிள்ளை. இல்லாட்டி காதுச் சவ்வு கிழிஞ்சு போகும்."

அப்புறம் கூடையை இறக்கிவைத்து, தரையில் விரலால் 'ட' போட்டார். பங்கர், அதாவது பதுங்குகுழி. மேலே பனங்குற்றி, அதற்கும் மேலே மண்மூட்டை. நேராக வெட்டினால் குண்டுச் சிதறல் உள்ளே வந்துவிடும், அதற்குத்தான் அந்தத் திருப்பம்.

என் மகளுக்கு இது ஒரு நாள் பாடம். அவர் பிள்ளைகள் அதற்குள் தூங்கி எழுந்தவர்கள்.

"உள்ளே இருட்டா இருக்குமா, பாட்டி?"

"ஓமம்மா. மழைக்குப் பாம்பும் வரும்."

விரல் இன்னும் அந்த மூலையிலேயே இருந்தது.