நம்ம அரசியலமைப்புக்கு அயர்லாந்துல இருந்து என்ன எடுத்தோம்? டேபிளை மனப்பாடம் பண்றதுக்கு முன்னாடி மேரி ராபின்சனைப் படிங்க

சிவில் சர்வீஸ் தேர்வுக்கு பாலிட்டி (அரசியலமைப்புப் பாடம்) படிக்கிற எல்லாருக்கும் இந்த வரி அத்துப்படி: அரசு எப்படி நடக்கணும்னு சொல்ற வழிகாட்டு நெறிமுறைகள், குடியரசுத் தலைவர் தேர்தல் முறை, ராஜ்யசபா நியமன உறுப்பினர்கள், மூணும் அயர்லாந்து அரசியலமைப்புல இருந்து வந்தது. பிரிலிம்ஸுக்கு இது போதும். மெயின்ஸ்லயோ இன்டர்வியூலயோ "சரி, அங்க அது எப்படி நடக்குது"ன்னு கேட்டா பதில் ஒரு வரிக்கு மேல போகாது. எனக்கு அந்த இடம் பிடிபட்டது அயர்லாந்தோட முதல் பெண் ஜனாதிபதி மேரி ராபின்சனைப் பத்தி படிச்சப்பதான், அதனால இப்ப படிக்கிறவங்களுக்கு உதவட்டும்னு எழுதுறேன்.

1944ல மேயோ கவுண்டி பாலினாவுல பிறந்தவங்க, அப்பா அம்மா ரெண்டு பேருமே டாக்டர். டப்ளின் டிரினிட்டி காலேஜ்ல சட்டம், அப்புறம் ஹார்வர்டு, 25 வயசுல டிரினிட்டிலயே சட்டப் பேராசிரியர், அதே 1969ல செனட்டர். இங்கயே ஒரு பாயிண்ட் எடுத்துக்கோங்க. அயர்லாந்து மேலவையான செனட்ல 60 பேர், அதுல 11 பேரை பிரதமர் நியமிப்பாரு, 6 பேரை பல்கலைக்கழகப் பட்டதாரிங்க ஓட்டுப் போட்டு அனுப்புவாங்க, மேரி வந்தது அந்த 6ல ஒருத்தரா. நம்ம ராஜ்யசபா நியமன உறுப்பினர்கள் 12 பேருக்கு கலை, இலக்கியம், அறிவியல், சமூக சேவைன்னு தகுதி இருக்கு, அங்க அந்த 11 பேருக்கு அப்படி எதுவும் கிடையாது. இந்த வித்தியாசத்தை எழுதினாலே விடை தனியா தெரியும்.

1971ல கருத்தடை சாதனங்களை சட்டபூர்வமாக்க மசோதா கொண்டு வந்தாங்க, கத்தோலிக்க திருச்சபை அவ்வளவு பலமா இருந்த காலம், முதல் வாசிப்பைக் கூட தாண்ட விடல. நாடாளுமன்றத்துல நடக்காததுக்கு கோர்ட்டைப் பிடிச்சாங்க. எய்ரி வழக்கைக் கட்டாயம் படிங்க. கணவர்கிட்ட இருந்து சட்டப்படி பிரிஞ்சு வாழ வழக்குப் போட வக்கீல் வைக்கக் காசில்லாத ஒரு பெண்ணுக்காக ஸ்ட்ராஸ்பர்க்ல இருக்கிற ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துல மேரி வாதாடினாங்க, 1979ல ஜெயிச்சாங்க. இலவச சட்ட உதவி, அதைச் சொல்ற நம்ம அரசியலமைப்போட 39ஏ பிரிவு பத்தி கேள்வி வந்தா இதை ஒரு வரி சேர்க்கலாம், நம்ம 39ஏ அதுக்கு முன்னாடியே 42வது திருத்தத்துல வந்துடுச்சுங்கறதையும் சேர்த்து. வழிகாட்டு நெறிமுறைகளுக்கு அங்க 45வது பிரிவு, கோர்ட்டு அதை எடுத்துக்க முடியாதுன்னு வெளிப்படையாவே எழுதியிருக்கும், நெறிமுறைகளை கோர்ட்டு மூலமா அமல்படுத்த முடியாதுன்னு சொல்ற நம்ம 37வது பிரிவைப் பக்கத்துல வெச்சுப் படிங்க.

அடுத்து மேரி நின்ன 1990 ஜனாதிபதி தேர்தல், எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. முதல் எண்ணிக்கைல பிரையன் லெனிஹன் 44 சதவீதம், மேரி 39 கிட்ட, ஆஸ்டின் கரி 17. யாருக்கும் பாதி வரல, கடைசில இருந்த கரியை நீக்கி அவர் ஓட்டுகளோட ரெண்டாவது விருப்பத்தைப் பிரிச்சாங்க, பெரும்பகுதி மேரிக்குப் போச்சு, கிட்டத்தட்ட 52 சதவீதத்தோட ஜெயிச்சிட்டாங்க. ஒற்றை மாற்று வாக்கு முறைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல, பேப்பர் எடுத்து இந்த எண்ணிக்கையை நீங்களே ஒரு தடவை போட்டுப் பாருங்க. நம்ம 1969 குடியரசுத் தலைவர் தேர்தல்ல வி.வி.கிரியும் ரெண்டாவது விருப்ப ஓட்டு எண்ணித்தான் ஜெயிச்சாரு, ஆனா அவர் முதல் சுற்றுலயே முன்னிலைல இருந்தாரு, மேரி பின்னாடி இருந்து முந்தினாங்க. (கிரி சட்டம் படிச்சதும் டப்ளின்லதான்.) அங்க ஓட்டுப் போடுறது நேரடியா மக்கள், இங்க எம்பி, எம்எல்ஏக்கள், இதை விட்டுடாதீங்க.

லெனிஹன் சரிஞ்சதுக்கு ஒரு காரணம் இருக்கு. 1982ல அரசு பட்ஜெட்ல தோத்தப்ப, சபையைக் கலைக்க வேணாம்னு ஜனாதிபதிக்கு போன் போட்டாரா இல்லையாங்கறதுல மாத்தி மாத்திப் பேசினாரு, போன் போட்டதா அவரே பேசின டேப் வெளிய வந்துச்சு, தேர்தலுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி துணைப் பிரதமர் பதவியும் போச்சு. பெரும்பான்மை இழந்த பிரதமர் கேட்டா கலைக்க மறுக்கிற அதிகாரம் அங்க ஜனாதிபதியோட சொந்த முடிவு, கலைப்பு அதிகாரம் பத்தின கேள்விக்கு இது அப்படியே பொருந்தும்.

மேரி பதவில இருந்தப்ப அயர்லாந்து அரசியலமைப்போட 26வது பிரிவுல மசோதாவை உச்சநீதிமன்றத்துக்கு அனுப்பினாங்க, தம்பதிகளோட வீட்டு உரிமை பத்தின ஒரு மசோதா 1994ல அப்படித்தான் விழுந்துச்சு. குடியரசுத் தலைவர் உச்சநீதிமன்றத்துகிட்ட கருத்து கேக்கற நம்ம 143வது பிரிவுல கோர்ட்டு சொல்றது வெறும் ஆலோசனை, அங்க செல்லாதுன்னு சொல்லிட்டா ஜனாதிபதி கையெழுத்தே போட முடியாது. இதை மட்டும் தனியா நோட்ஸ் எடுத்து வைங்க, ஒப்பீட்டுக் கேள்விக்கு அவ்வளவு உதவும். 1997ல பதவிக்காலம் முடியறதுக்குள்ள விலகி ஐநா மனித உரிமை ஆணையரா போனாங்க, அது ஐஆர் (சர்வதேச உறவுகள்) பகுதிக்கு வரும்.