கறுப்புத் திரைக்கு முன் ஒரு கறுப்பு உடை

செப்டம்பர் 29

அக்டோபர் 10 பிரெஞ்சுப் பாடகி எடித் பியாஃப் இறந்த நாள். அதையொட்டி பாரிஸில் எங்கள் சின்ன அரங்கில் அஞ்சலி நிகழ்ச்சி. வழக்கம்போல விளக்குகள் என் பொறுப்பு. பாடப் போகிறவர் நல்ல உயரம். பியாஃப் ஐந்தடிகூடக் கிடையாது. அதனால் என்ன, குரல் இருக்கிறது.

அக்டோபர் 2

முதல் மேடை ஒத்திகை. கறுப்பு உடை, பின்னால் கறுப்புத் திரை. முன்விளக்கை மட்டும் போட்டதும் உடம்பு மறைந்துபோய், முகமும் இரண்டு கைகளும் அந்தரத்தில் நின்றன. இயக்குநர் பதறி, தோள் தெரிய பின்னாலிருந்து ஒரு விளக்கு கேட்டார். போட்டுக் கொடுத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஆனால் கண் கைகளை விட்டு உடைக்குப் போய்விட்டது. பியாஃப் கடைசிவரை கறுப்பை விடாததற்குக் காரணமே இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 1935-ல் தெருவில் பாடிக்கொண்டிருந்தவரை லூயி லெப்லே தன் கேபரேயில், அதாவது பாட்டு நடக்கும் இரவு விடுதியில், மேடையேற்றினார். அன்று பியாஃப் போட்டிருந்த, தானே பின்னிய கறுப்பு உடையில் ஒரு கை முடியவில்லை, சால்வையால் மறைத்துக்கொண்டார் என்று சொல்வார்கள்.

பின்விளக்கைக் கால்வாசியாகக் குறைத்தேன். இயக்குநர் கவனிக்கவில்லை.

அக்டோபர் 5

இன்று சின்ன சண்டை. 1949 அக்டோபரில் பியாஃபின் காதலன், குத்துச்சண்டை வீரர் மார்செல் செர்தான் விமான விபத்தில் இறந்தார். அந்தத் துயரத்தில் பியாஃப் எழுதியதுதான் ‘இம்ன் ஆ லாமூர்’ பாட்டு என்று கதைசொல்லிக்கு வசனம். அதற்கு முந்தின மாதமே நியூயார்க்கில் அவர் அதைப் பாடிவிட்டாரே என்றேன். “கதைக்கு இதுதானப்பா பொருத்தம்” என்றார் இயக்குநர். என்னைக் கேட்டால் உண்மைதான் இன்னும் கொடுமை. காதலன் உயிரோடு இருக்கும்போதே, நீ செத்தாலும் என் காதல் போகாது என்று எழுதியிருக்கிறார். கடைசியில் வசனத்தை வெட்டினார்கள். செர்தானின் பெரிய படத்தைத் திரையில் காட்டும் யோசனை மட்டும் போகவில்லை.

அக்டோபர் 8

பாடகி இன்னமும் பியாஃப் மாதிரி ‘ர்’ரை உருட்டுகிறார், இடுப்பில் கை வைக்கிறார். எனக்கு அது மிமிக்ரி. ஆனால் ‘லக்கோர்தியோனிஸ்த்’ பாட்டு வந்ததும் எல்லாவற்றையும் மறந்து பாடுகிறார். போருக்குப் போன அக்கார்டியன்காரனுக்காகக் காத்திருந்த பெண், அவன் இடத்தில் இன்னொருவன் வாசிப்பதைத் தாங்க முடியாமல் இசையை நிறுத்தச் சொல்லிக் கத்துவாள். பாட்டு அங்கேயே அறுந்துவிடும். அந்தக் கத்தலோடு நான் விளக்கை வெட்ட வேண்டும். அரை நொடி பிந்தினாலும் கெட்டது. இன்று அதை மட்டுமே திரும்பத் திரும்பச் செய்தோம்.

அக்டோபர் 10

அரங்கம் நிறைந்தது. பெரும்பாலும் வயதானவர்கள், கூடவே சில பேரப்பிள்ளைகள். செர்தான் படத்துக்கு யாரும் அசையவில்லை. ‘லக்கோர்தியோனிஸ்த்’ முடிந்து இருட்டானதும் கொஞ்ச நேரம் கைதட்டலே இல்லை, அப்புறம் மொத்தமாக வந்தது. இடுப்புக் கையெல்லாம் இன்று எங்கே போனதோ!

வாசலில் ஒரு பாட்டி என்னைப் பிடித்துக்கொண்டார்: ‘மிலோர்’ பாட்டு இல்லாமல் என்ன பியாஃப் நிகழ்ச்சி? நியாயம்தான். நாளைக்குக் கடைசியில் சேர்க்கிறோம். அக்கார்டியன்காரருக்கு மனப்பாடமாம். எனக்குத்தான் காலையில் வந்து அதற்கு விளக்கு அமைக்க வேண்டும்.